புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. அறுவை வேண்டாம், ஊசி வழியாக சிமெண்ட் போடலாம் என்கிறார்கள். அம்மாவுக்கு வலி போகுமா?

எந்த வலி என்பதைப் பொறுத்தது. படுத்தால் அடங்கி, எழுந்தாலோ புரண்டாலோ சுருக்கென்று பிடித்தால், அது பெரும்பாலும் முள்ளெலும்பு நொறுங்கிய வலி. சிமெண்டுக்குக் கேட்பது இந்த வலிதான். பலருக்கு ஓரிரு நாளிலேயே வலி குறைவது தெரியும். ராத்திரியில் சும்மா படுத்திருக்கும்போதே குடைந்தால் அது கட்டியின் வலி. அதற்குக் கதிர்வீச்சு, அதாவது 'கரண்ட்'. ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்தாலே பலருக்குக் குறையும். ஆனால் கரண்டுக்குப் பிறகு எலும்பு கெட்டிப்பட மாதங்கள் ஆகும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். சிமெண்ட் மட்டும் போட்டுவிட்டு 'புற்று போச்சு' என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த சிமெண்ட் ஒரு வகை அக்ரிலிக். மூட்டு மாற்றும்போது வைப்பதும் இதே இனம்தான். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே 11 அல்லது 13 கேஜ் (தடிமன் அளவு) ஊசியை முள்ளெலும்பின் காம்பு வழியே உள்ளே இறக்குவார்கள். பிறகு தூளையும் திரவத்தையும் குழைப்பார்கள். பதம்தான் இதில் எல்லாமே. தண்ணியாக இருக்கும்போதே தள்ளினால் ரத்தக்குழாயில் புகுந்து நுரையீரல் வரை போய்விடும்; பற்பசை மாதிரி வரும்வரை பொறுக்க வேண்டும். ரொம்பப் பொறுத்தால் ஊசிக்குள்ளேயே இறுகிவிடும். ஒரு எலும்புக்கு 2 முதல் 6 மில்லி போதும், முழுக்க நிரப்பத் தேவையில்லை. கட்டி பெரிதாக இருந்தால் அதே துளை வழியே ரேடியோ அலைச் சூட்டில் முதலில் கருக்கிவிட்டு, பிறகு சிமெண்ட் வைப்பதும் உண்டு.

டாக்டரிடம் கேட்க வேண்டியது: எலும்பின் பின்சுவர் முழுசாக இருக்கிறதா? அதைப் புற்று அரித்திருந்தால் சிமெண்ட் தண்டுவடப் பக்கம் கசியலாம். அடுத்து, முதுகெலும்பு எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று அளக்கும் 'சின்ஸ்' மதிப்பெண் எவ்வளவு? 18-க்கு 13 அல்லது அதற்கு மேல் என்றால் முதுகெலும்பு நிலையாக இல்லை என்று பொருள். சிமெண்ட் மட்டும் பெரும்பாலும் தாங்காது, சிறு துளைகள் வழியே ஸ்க்ரூ, கம்பி வைக்க வேண்டிவரலாம்.

கால் தள்ளாடினாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ தண்டுவடம் நெருக்கப்படுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அது சிமெண்ட் வேலையே இல்லை. அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய் எம்ஆர்ஐ எடுங்கள். சில நாள் தள்ளினால் போன நடை திரும்பாமலே போகலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கீமோ நடக்கிறது என்றால் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000-க்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நெஞ்சில் நீர் கோத்தவர்களுக்குக் குப்புறப் படுப்பதே பெரும்பாடு, அதையும் மறைக்காதீர்கள்.