கேள்வி-பதில்: பாரிமுனையில் ஒரு பழைய சீக்கோ டைவர்

கேள்வி: பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய வாட்ச் கடையில் சீக்கோ டைவர் வாட்ச் (தண்ணீருக்குள் மூழ்குபவர்களுக்கானது) ஒன்று பார்த்தேன். பின் மூடியில் 6309-7040 என்று இருக்கிறது. சீரியல் எண் 53 என்று தொடங்குகிறது. "1975 மாடல் சார், நூறு சதவீதம் ஒரிஜினல்" என்கிறார் கடைக்காரர். 32,000 ரூபாய் சொன்னார், பேசினால் 28,000க்கு வரும் போலிருக்கிறது. டயல் புதுசு மாதிரி பளிச்சென்று இருக்கிறது. இருட்டில் ராத்திரி முழுக்க பச்சையாக ஒளிர்கிறதாம். வாங்கலாமா? – பெரம்பூர் வாசகர்

பதில்: இந்த விலைக்கு, ஒரிஜினல் என்று நம்பி வாங்காதீர்கள். நீங்கள் எழுதிய விவரங்களிலேயே இரண்டு இடங்கள் இடிக்கின்றன.

முதலில் வருஷம். அந்தக் கால சீக்கோவில் சீரியல் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும். இரண்டாவது இலக்கம் மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்குப் பூஜ்யம், நவம்பருக்கு 'என்' எழுத்து, டிசம்பருக்கு 'டி' எழுத்து. அப்படியானால் உங்கள் 53 என்பது ஐந்தில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் மார்ச் மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை எண் சொல்லாது, அந்த மாடல் எப்போது வெளிவந்தது என்பதை வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். 6309-7040 வந்தது 1976இல், 1988 வரை தயாரித்தார்கள். ஆகவே 1975 இருக்கவே முடியாது, அது 1985 மார்ச். கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பத்தாண்டைத் தப்பாகக் கணக்குப் போடுவது சகஜம். ஆனால் வருஷத்தையே சரியாகப் பார்க்காதவர் "நூறு சதவீதம்" என்று சொல்வதை எப்படி நம்புவது?

இரண்டாவது, அந்த ரேடியம். நம் ஊரில் இருட்டில் ஒளிர்வதையெல்லாம் ரேடியம் என்றுதான் சொல்கிறோம், அதே பேரில் வைத்துக்கொள்வோம். விடிய விடிய ஒளிரும் லூமிபிரைட் பூச்சை சீக்கோ 1990களில்தான் கொண்டுவந்தது. 1985இல் பூசியது இன்றைக்கு வெளிச்சம் காட்டி இருட்டுக்குக் கொண்டுபோனால் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். ராத்திரி முழுக்க ஒளிர்கிறது என்றால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள், அல்லது டயலே புதுசு. டயல் பளிச்சென்று இருக்கிறது என்கிறீர்களே, இரண்டாவதுதான் நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாற்பது வருஷம் ஒரே கண்ணாடிக்குள் இருந்த டயலும் முள்ளும் ஒரே நிறத்தில் பழுத்திருக்க வேண்டும். டயல் புள்ளிகள் பாலாடை நிறத்தில் இருந்து முள் மட்டும் வெள்ளையாக இருந்தால் முள் மாறியிருக்கிறது. எல்லாமே வெள்ளையாக இருந்தால் எல்லாமே மாறியிருக்கலாம்.

அடுத்த முறை போகும்போது ஒரு லென்ஸ் கொண்டுபோங்கள். டயலின் அடி விளிம்பில், ஆறு மணிக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அது 6309 என்று தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு வருவது பின் மூடி எண்ணோடு அப்படியே ஒத்துப்போகாது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மை கசிந்த மாதிரி தடித்திருக்கிறதா என்று பாருங்கள். 'வாட்டர் 150 மீட்டர் ரெசிஸ்ட்' என்று இருக்க வேண்டும். 'ப்ரூஃப்' என்ற வார்த்தையை சீக்கோ 1970ஐ ஒட்டிக் கைவிட்டுவிட்டது. இந்த மாடலின் டயலில் அது இருந்தால் மறு பேச்சே வேண்டாம்.

அப்புறம் கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று. நாலு மணிக்குப் பக்கத்தில் இருக்கும், மணி திருத்தும் திருகை மரை கழற்றி முழுக்க வெளியே இழுங்கள். பின் மூடி எண்ணின் முதல் நாலு இலக்கம் மெஷினைக் குறிக்கும். 6309 மெஷினில் நொடி முள் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். நின்றுவிட்டால் உள்ளே வேறு மெஷின். ஜப்பானுக்குள் விற்ற அதன் அண்ணன் 6306-7001இல் நிற்கும். அதற்கு 21 ஜூவல் (தேய்மானம் குறைக்க மெஷினுக்குள் வைக்கும் சின்னக் கல்), இதற்கு 17. 6306க்கு விலை கூடுதல் என்பதால், கிழமை காட்டும் வட்டை ஜப்பானிய எழுத்துள்ளதாக மாற்றிவிட்டு அந்தப் பேரில் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் உண்டு. வட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், மெஷினைப் பாருங்கள்.

மெஷினில் 6309 என்று எழுதியிருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இதே 6309 மெஷினைச் சாதாரண சீக்கோ ஃபைவிலும் போட்டார்கள். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் கையில் கட்டிக்கொண்டு வந்த சீக்கோ ஃபைவ் நம் ஊரில் கொஞ்சநஞ்சமல்ல. அதிலிருந்து மெஷினைக் கழற்றி டைவர் கூட்டுக்குள் (கேஸ்) வைப்பது பழகிய கைக்குப் பெரிய வேலையில்லை. பழைய மெஷினுக்குப் புது டயல் அச்சடித்துப் போட்டவற்றை உலகம் முழுக்க சேகரிப்பவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே அழைக்கிறார்கள். நமக்கு அது பெருமையான பேர் இல்லை.

அந்த வாட்ச் உங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது என்றால், கூடு மட்டும்தான் அசல் என்று வைத்து விலை பேசுங்கள். முழு ஒரிஜினல் விலைதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், பில்லில் "டயல், முள், மெஷின் அசல், தயாரிப்பு 1985" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

கேள்வி: அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய சீக்கோ டைவர் என்னிடம் இருக்கிறது. பத்து வருஷமாக ஓடவில்லை. டயலில் ஓரமாகக் கறை, கூட்டில் கீறல். "டயலை ரீபிரிண்ட் பண்ணி, கேஸைப் பாலிஷ் பண்ணிப் புதுசாக்கித் தருகிறேன்" என்கிறார் ரிப்பேர் கடைக்காரர். கொடுக்கலாமா? – வேளச்சேரி வாசகி

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள் அம்மா. வாட்சைச் சர்வீஸ் செய்யக் கொடுங்கள், டயலையும் கூட்டையும் தொடவே கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

என் மாமாவின் வாட்சை நான் இப்படித்தான் ஒரு கடையில் விட்டேன். திரும்பி வந்தபோது அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் மாமா மணி பார்த்த முகம் அதில் இல்லை. பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாக அச்சடிக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. போனது போனதுதான்.

பாலிஷும் அப்படித்தான். இந்த டைவர்களின் கூட்டில் மேல்பகுதி மெல்லிய கோடுகளோடு மங்கலாகவும், பக்கவாட்டு வழவழப்பாகவும் இருக்கும். இரண்டும் சேரும் விளிம்பு கூர்மையாக இருக்கும். பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் விளிம்பு மழுங்கிச் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அந்த விளிம்பைத்தான், அதனால் விற்பனை மதிப்பும் குறையும். நீங்கள் விற்கப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் அந்தக் கீறல்கள் அப்பா கையில் இருந்தபோது விழுந்தவை அல்லவா?

கழற்றிக் கழுவி எண்ணெய் போடுவது, ரப்பர் வளையங்களை மாற்றுவது, தேவைப்பட்டால் கண்ணாடி மாற்றுவது. இவ்வளவு போதும். கொடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், பின் மூடி திறந்த நிலையில் மெஷின் என்று கடைக்காரர் முன்னாலேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ஓடாத வாட்சை நம் கடற்கரை ஊரில் பத்து வருஷம் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள், உள்ளே ஈரம் போயிருந்தால் கறை பரவிக்கொண்டே இருக்கும். சர்வீஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 150 மீட்டர் என்று எழுதியிருக்கிறதே, கட்டிக்கொண்டு நீந்தலாமா? – திருவான்மியூர் வாசகர்

பதில்: வேண்டாம். அது வாட்ச் புதிதாக இருந்தபோது எழுதியது. நாற்பது வருஷ ரப்பர் வளையம் கை கழுவுகிற தண்ணீரைக்கூடத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனையில் தேறினாலும் நான் அதை எலியட்ஸ் கடற்கரை அலைக்குக் கொண்டுபோக மாட்டேன். உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு போனால் போதும், முள்ளும் டயலும் காலி.

கேள்வி: ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் "1965 சீக்கோ 62மாஸ், அசல்" என்று விளம்பரம் பார்த்து 45,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாட்ச்காரர் திறந்து பார்த்துவிட்டு உள்ளே இருப்பது என்ஹெச்35 என்கிறார். பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். – அம்பத்தூர் வாசகர்

பதில்: 62மாஸ் என்பது சீக்கோவின் முதல் டைவர், 1965இல் வந்தது. அதில் இருக்க வேண்டிய மெஷின் 6217. என்ஹெச்35 இந்தக் காலத்து மெஷின். சீக்கோ குழுமம் மற்ற கம்பெனிகளுக்கு விற்பது, அந்தப் பழைய முகத்தை நகலெடுத்து வரும் புது வாட்சுகளில் தாராளமாகப் புழங்குவது. உங்களிடம் வந்திருப்பது பழைய வாட்சே இல்லை.

முதலில் விளம்பரத்தை, அது மறைவதற்குள், முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, பார்சல் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். திறந்து பார்த்த வாட்ச்காரரிடம் மெஷின் எண்ணைக் குறிப்பிட்டு லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி வாங்குங்கள். வாட்சை இனி யாரும் தொட வேண்டாம். "நீங்கள்தான் மெஷினை மாற்றிவிட்டீர்கள்" என்பது எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்லும் பதில்.

விற்றவர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள்.

வீட்டிலிருந்த சொந்த வாட்சை விற்ற தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கஷ்டம். அப்போது மோசடி என்று காவல் துறையில்தான் புகார் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் வேறு என்னென்ன வாட்ச் விற்பனைக்குப் போட்டிருக்கிறார் என்பதையும் இன்றே படம் எடுத்து வையுங்கள். நாலைந்து வாட்ச் போட்டிருந்தால் வியாபாரிதான் என்று வாதாட அது உதவும்.