599 ரூபாய்க்கு சோபா கழுவிக் கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு ஹவுஸ்கீப்பிங் கம்பெனியில் 21,000 ரூபாய் சம்பளத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். அதை விட்டுவிட்டு சோபா, கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலில் இறங்கியிருக்கிறேன். மனைவியின் நகையை அடகு வைத்து 60,000, கையிலிருந்து 12,000 போட்டு மெஷின் வாங்கிவிட்டேன். அண்ணனின் ஆம்னி வேன் இருக்கிறது. எங்கள் ஏரியாவில் ஐந்து சீட் சோபா 599 என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கார்ப்பெட் சதுர அடி 12 ரூபாயாம். முதலில் அதைவிடக் குறைத்துக் கொடுத்துப் பெயர் எடு, அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். என்ன ரேட் வைக்கலாம் சார்?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். 599-க்கு வந்த கஸ்டமர் அடுத்த முறை 1,300 என்றால் போனை வைத்துவிடுவார். அவர் சொல்லி வரும் பக்கத்து வீட்டுக்காரரும் 599-ஐ மனதில் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுவார். அடுத்தவர் ரேட்டைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு வீட்டுக்குப் போய்வர உங்களுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

மெஷின் 72,000. மூன்று வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 2,000. ஹோஸ், மோட்டார் ரிப்பேருக்கு 1,000. நகைக்கடன் வட்டி ஏறக்குறைய 500. போன், விளம்பரம் 2,000. வேன் இன்ஷூரன்ஸ், சர்வீஸ் 1,500. அண்ணன் வண்டிதானே என்று இதை விட்டுவிடாதீர்கள். உங்கள் சம்பளம் 25,000. இதை எழுத நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள், மிச்சம் இருப்பதுதான் நம் சம்பளம் என்று நினைக்கிறார்கள். மொத்தம் 32,000. மாதம் 40 வேலை கிடைத்தால், ஒரு வேலைக்கு 800.

இது போக, ஒவ்வொரு வேலைக்கும் கையை விட்டுப் போவது தனி. ஹெல்பருக்கு நாள் கூலி 600, ஒரு நாளில் இரண்டு வீடு என்றால் வீட்டுக்கு 300. பெட்ரோல் 120, ஷாம்பு, கறை நீக்கி 80. ஆக 500. எல்லாம் சேர்த்து 1,300. கூலியும் பெட்ரோலும் உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை இதுதான்.

599-க்குப் போனால் கூலி, பெட்ரோல், ஷாம்பு போக 99 ரூபாய் மிஞ்சும். அப்படியானால் நோட்டீஸ் ஒட்டியவர் எப்படிப் பிழைக்கிறார்? பல இடங்களில் 599 என்பது கதவைத் திறக்க வைக்கிற ரேட். உள்ளே வந்த பிறகு குஷனுக்குத் தனி, கறைக்குத் தனி என்று 1,500-ஐத் தொட்டுவிடுவார்கள். நீங்கள் போனிலேயே முழுத் தொகையைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ கேளுங்கள். துணியா ரெக்ஸினா, என்ன கறை, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று விசாரித்துவிட்டு ரேட் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மெஷின் உறிஞ்சி எடுத்த கறுப்புத் தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதைப் பார்த்தபிறகு 200 ரூபாய் குறைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

கார்ப்பெட்டில் சதுர அடிக் கணக்கு உங்களைக் கவிழ்த்துவிடும். ஹாலில் கிடக்கும் 5-க்கு 7 அடி கார்ப்பெட் 35 சதுர அடி. 12 ரூபாய் வீதம் 420. ஹெல்பர் கூலிக்கும் பெட்ரோலுக்குமே சரியாகிவிட்டது, ஷாம்பு உங்கள் செலவு! அதனால் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வையுங்கள்: 1,300-க்குக் கீழே வண்டி கிளம்பாது. சின்ன கார்ப்பெட் மட்டும் என்றால், கூடவே சோபாவோ மெத்தையோ சேர்த்துக் கேளுங்கள். ஆபீஸ் வேறு கதை. 2,000 சதுர அடி தரையோடு ஒட்டிய கார்ப்பெட்டை 5 ரூபாய்க்குச் செய்தாலும் ஒரே இடத்தில் 10,000. ஆனால் பணம் இழுத்தடிக்கும். உத்யம் பதிவு, அதாவது சிறு, குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இலவசம், செய்துவிடுங்கள். குறுந்தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்பதற்கு ஒரு பிடி வேண்டும் அல்லவா?

எதைத் தொடக்கூடாது என்பதும் ரேட்டைச் சேர்ந்ததுதான். கையால் முடிச்சுப் போட்ட கம்பளி விரிப்பு, பட்டு போலப் பளபளக்கும் விஸ்கோஸ் கார்ப்பெட் இரண்டையும் இப்போதைக்கு எடுக்காதீர்கள். விஸ்கோஸ் நனைந்தால் மஞ்சளடிக்கும். மற்றவற்றிலும் வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் வேண்டாம். ஒரு கார்ப்பெட்டைக் கெடுத்தால் அந்த மாத வருமானம் முழுக்க நஷ்டஈடாகப் போகும்.

ஜிஎஸ்டி பற்றி இப்போது கவலை வேண்டாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். 1,300 வீதம் மாதம் 40 வேலை என்றாலும் வருடத்துக்கு 6,24,000-தான். பதிவு செய்யாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டு வாங்கக்கூடாது.

சரி, முதல் மாதமே 40 வேலை வருமா? வராது. 20 வந்தால் ஒரு வேலையின் மேல் 1,600 ஏறும், செலவு 500-ஐச் சேர்த்தால் 2,100. அதை கஸ்டமர் தலையில் கட்ட முடியாது. ரேட்டை 1,300-லேயே வைத்துவிட்டு, முடிந்தவரை ஹெல்பர் இல்லாமல் போங்கள். உங்கள் சம்பளத்தையும் குறைத்து எடுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் தாங்களாகவே கூப்பிடுவார்கள், அப்போது தள்ளுபடி கொடுக்காதீர்கள். ஐப்பசி மழையில் கார்ப்பெட் காயாது, வேலையும் குறையும். பத்துப் பேரிடம் ரேட் சொன்னால் ஒன்பது பேர் உடனே சரி என்கிறார்களா? ஏற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நகையை மறந்துவிடாதீர்கள். ஒரு வருடத்தில் மீட்பதென்றால் அசலுக்கே மாதம் 5,000 எடுத்து வைக்க வேண்டும். மேலே மெஷினுக்கு ஒதுக்கிய 2,000 அதற்குப் போகும். மீதி 3,000 முதல் வருடம் உங்கள் 25,000-லிருந்துதான் வரவேண்டும். வீட்டுச் செலவுக்கு 22,000 போதுமா என்று மனைவியோடு உட்கார்ந்து பேசிவிட்டு நோட்டீஸ் அடிக்கக் கொடுங்கள்.