கடை சர்வரை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கலாமா?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். பட்டர்வொர்த்திலும் சுங்கைப்பட்டாணியிலும் கிளைகள் இருக்கின்றன. சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் கடன் கணக்கு, ஊழியர் விவரம் எல்லாம் கடையின் பின்னறையில் உள்ள ஒரு சர்வரில் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் வேலையை விட்டுப் போகிறார். மாதக் கட்டணம் கொடுத்தால் இந்தக் கணக்குகள் எல்லாம் பதிந்திருக்கும் தரவுத்தளத்தைத் தாங்களே வைத்து நடத்துவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. கொடுக்கலாமா?
– வாசகர், பினாங்கு

பதில்: கொடுங்கள். விவரம் தெரிந்த ஒரே ஆள் போன பிறகு, பின்னறையில் சர்வரை ஓடவிட்டுக் காத்திருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. இடி மின்னல், புழுக்கம், புதுப்பிக்கப்படாத மென்பொருள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். கிளைகள் இணைவதற்காக, தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியை இணையத்தில் அப்படியே திறந்து வைத்திருந்தால், அதை இன்றே மூடச் சொல்லுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல்கள் வழக்கமாக நுழைகிற வாசல் அது.

கையெழுத்திடும் முன், தரவுத்தளம் மட்டும் போகிறதா, பில் போடும் மென்பொருளும் கூடவே போகிறதா என்று கேளுங்கள். பழைய பாணி மென்பொருள், ஒரு பில்லைத் திறக்கவே தரவுத்தளத்திடம் நூற்றுக்கணக்கான சிறு வினாக்களைக் கேட்கும். இரண்டும் ஒரே கடைக்குள் இருக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. தரவுத்தளம் மட்டும் சைபர்ஜெயாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால், ஒரு வினாவுக்கு 10 மில்லிநொடி என்று வைத்தாலும், 300 வினாவுக்கு 3 நொடி ஆகிவிடும். கல்லாவில் வரிசை நிற்கும்போது ஒவ்வொரு சொடுக்குக்கும் 3 நொடி என்பதை யாரும் பொறுக்க மாட்டார்கள். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அது முடியாதென்றால் இரண்டையும் கடையிலேயே வைத்துக்கொண்டு, பராமரிப்பை மட்டும் வெளியில் கொடுங்கள். மாற்றினால் இணையம்தான் உங்கள் உயிர்நாடி. கைப்பேசி வலையமைப்பு வழியாக இரண்டாவது இணைப்பு ஒன்றை மூன்று இடங்களிலும் வைத்துவிடுங்கள்.

அடுத்தது காப்புப் பிரதி. இதில் மட்டும் யார் வாக்குறுதியையும் நம்பாதீர்கள். 2017 ஜனவரியில், மென்பொருள் உலகில் பெயர்பெற்ற கிட்லேப் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தையே தவறுதலாக அழித்துவிட்டார். வைத்திருந்த பல காப்பு முறைகள் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயே போனது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. காப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி. "உங்கள் தரவு உடனுக்குடன் இரண்டு இடங்களில் பதிவாகிறது" என்று விற்பனையாளர் சொல்வார். நல்லதுதான், ஆனால் அது காப்பு ஆகாது. ஊழியர் தவறுதலாக ஒரு பட்டியலை அழித்தால், அந்த அழிப்பும் உடனுக்குடன் இரண்டாவது இடத்துக்குப் போய்விடும். ஒவ்வோர் இரவும் ஒரு பிரதி, அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத, உங்கள் சொந்தக் கணக்கில் உள்ள வேறோர் இடத்துக்கு வரவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறு கணினியில் மீட்டெடுத்து, நேற்றைய கடன் பாக்கி சரியாக இருக்கிறதா என்று உங்கள் கணக்காளரே பார்க்கட்டும். வருமான வரிக்கான பதிவேடுகளை ஏழு ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பதால், பழைய ஆண்டுகளும் அதில் இருக்கவேண்டும்.

சட்டப் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. 2010ஆம் ஆண்டின் மலேசியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2025இல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. தரவைக் கையாளும் வெளி நிறுவனத்துக்கும் இப்போது பாதுகாப்புக் கடமை உண்டு என்பது நல்ல மாற்றம். ஆனாலும் தரவு கசிந்து அதனால் பெரும் தீங்கு நேரக்கூடும் என்றால், 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்கவேண்டியவர் நீங்கள்தான். அவர்கள் உங்களிடம் சொல்லவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? கசிவு தெரிந்த 24 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள்.

செலவைப் பொறுத்தவரை, மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். கட்டணம் டாலரில் என்றால், 2024 பிப்ரவரியில் ரிங்கிட் ஒரு டாலருக்கு 4.80 வரை சரிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். சேவை வரி 8 விழுக்காடு சேருமா என்பதையும், விலகும்போது தரவை வெளியே எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் எழுதி வாங்குங்கள். 99.9 விழுக்காடு இயங்கும் என்ற உறுதியிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் நிற்க இடம் இருக்கிறது. அது தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை வந்தாலும், பெரும்பாலான ஒப்பந்தங்களில் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைக்கும்.

அந்தச் சேவையின் முதன்மைக் கணக்கும் இணைய முகவரியும் உங்கள் நிறுவனத்தின் பெயரில், நிறுவன மின்னஞ்சலில் இருக்கட்டும். விற்பனையாளரின் பெயரில் இருந்தால், பிணக்கு வரும் நாளில் உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க நீங்களே அனுமதி கேட்டு நிற்கவேண்டியிருக்கும்.

அந்த இளைஞர் போவதற்கு முன்பே எல்லாக் கடவுச்சொற்களையும் எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கூடுதலாக இருக்கச் சம்பளம் கொடுத்தாலும் தகும். பண்டிகைப் பருவம் கழிந்து, சரக்கு கணக்கெடுப்பு முடிந்த வார இறுதியில் மாற்றுங்கள். பழைய சர்வரில் யாரும் புதிதாகப் பதிவு செய்ய முடியாதபடி நிறுத்தி, இரண்டு மாத முடிவுக் கணக்குகள் ஒத்துப்போகும்வரை அப்படியே வைத்திருங்கள். பிறகு அதை விற்பதாக இருந்தால் வன்தட்டைக் கழற்றி எடுத்து அழித்துவிட்டு விற்கவேண்டும். உங்கள் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண்ணும் கடன் பாக்கியும் அதில்தான் இருக்கின்றன.