முட்டி லிகமென்ட் காயம்: கையால் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி? (கேள்வி பதில்)

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்து விளையாட்டுக் குழுக்களும் பிசியோதெரபி மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் எலும்பு மூட்டு மருத்துவர் பதில் சொல்கிறார்.

சார், பையன் ஓடிட்டு வந்து சட்டுனு திரும்பினான். முட்டிக்குள்ள 'டப்'புனு கேட்டுச்சாம். ஒரு மணி நேரத்துல முட்டி வீங்கிடுச்சு. கிரவுண்டுலயே இழுத்துப் பார்த்து சொல்லிட முடியுமா?
கால்பந்துப் பயிற்சியாளர், வியாசர்பாடி

நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. யாரும் மோதாமல், கால் ஊன்றித் திரும்பும்போது சத்தம், 2 மணி நேரத்துக்குள் வீக்கம் என்றால் மூட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது. முதல் சந்தேகம் ஏசிஎல் மேல்தான். கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் முட்டிக்குள் பிடித்துவைக்கும் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) அது. மறுநாள் காலையில் மெதுவாக வீங்கினால் மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) பக்கம் யோசிப்போம்.

பயிற்சி இல்லாத கை கிரவுண்டில் இழுத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே எலும்பு உடைந்திருந்தால் இழுப்பதே அதை நகர்த்திவிடும். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: பாதம் சூடாக இருக்கிறதா, விரலை மேலே தூக்குகிறானா, 4 அடி எடுத்து வைக்க முடிகிறதா, முட்டியை 90 டிகிரி மடக்க முடிகிறதா. முட்டிச்சில்லை மட்டும் அழுத்தினால் வலிக்கிறதா, முட்டிக்கு வெளிப்பக்கம் கீழே இருக்கும் ஃபிபுலா எலும்பின் தலையை அழுத்தினால் வலிக்கிறதா என்றும் பாருங்கள். நடக்கவோ மடக்கவோ முடியவில்லை, அல்லது அந்த இரண்டு இடங்களில் ஒன்றில் வலி என்றால் முதலில் எக்ஸ்ரே. 55 வயதைத் தாண்டியவர் என்றால் வயது ஒன்றே எக்ஸ்ரேவுக்குப் போதும். துணி சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம் வையுங்கள். எண்ணெய் போட்டு உருவவே கூடாது, ரத்தக்கட்டு இன்னும் கூடும்.

வீங்கி வலிக்கிற முட்டியில் முதல் நாள் சோதனை பல நேரம் தெளிவாக வராது. 5 முதல் 10 நாளில் வீக்கம் இறங்கியதும் மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான். அந்த இரண்டாவது வருகையைத் தவறவிட வேண்டாம்.

சார், லாக்மன் டெஸ்ட் எனக்குக் கைக்கே வரமாட்டேங்குது. எப்பப் பார்த்தாலும் நார்மல்னு தோணுது. எங்க தப்பு?
பிசியோ மாணவி, தண்டையார்பேட்டை

லாக்மன் என்பது கீழ்க்கால் எலும்பை முன்னே இழுத்து ஏசிஎல்லைச் சோதிப்பது. முதலில் நல்ல முட்டியைப் பாருங்கள். அந்த ஆளுக்கு எவ்வளவு அசைவு இயல்பு என்று தெரியாமல் அடிபட்ட முட்டியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மல்லாந்து படுக்கவைத்துத் தலையணையில் தலையைச் சாய்க்கச் சொல்லுங்கள். தலையைத் தூக்கி நீங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் காலும் இறுகும். முட்டி 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கட்டும், கால் லேசாக வெளிப்பக்கம் சாயட்டும். ஒரு கை முட்டிச்சில்லுக்கு மேலே தொடையை வெளிப்பக்கத்திலிருந்து பிடிக்கும். அந்தக் கை அசையவே கூடாது. இன்னொரு கை உள்பக்கமாக வந்து கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியைப் பிடிக்கும். கட்டைவிரல் முன்பக்கம் மூட்டுக்கோட்டின் மேல். இப்போது கீழ்க்கால் எலும்பை முன்னே கொண்டுவாருங்கள்.

இரண்டு விஷயம் உணர வேண்டும். ஒன்று தூரம்: மறுகாலை விட 3 முதல் 5 மில்லிமீட்டர் கூடுதல் என்றால் முதல் கிரேடு, 5 முதல் 10 என்றால் இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. மற்றது எண்ட் பாயின்ட், எனக்கு இதுதான் முக்கியம். ஏசிஎல் நன்றாக இருந்தால் காசிமேட்டில் படகைக் கட்டிய கயிறு விறைப்பதுபோல 'டக்'கென்று நிற்கும். அறுந்திருந்தால் நிற்கிற இடமே தெரியாமல் மெத்தென்று போய்க்கொண்டிருக்கும்.

உங்களுக்கு எப்போதும் நார்மலாகத் தோன்றினால் மூன்று இடத்தைச் சரிபாருங்கள். முட்டி 30 டிகிரிக்கு மேல் மடங்கிவிடுகிறதா? பின்தொடைத் தசை விறைத்திருக்கிறதா? தொடையைப் பிடித்த கையும் சேர்ந்து நகர்கிறதா? நோயாளியின் தொடை பெரிதாக, உங்கள் கை சின்னதாக இருந்தால் உங்கள் முட்டியை மேசை மேல் வைத்து அதன் மேல் அவர் தொடையைச் சாய்த்து, மேலிருந்து அழுத்திப் பிடியுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதல் இழுப்பைக் கவனமாக, மென்மையாகச் செய்யுங்கள். வலித்துவிட்டால் அடுத்த இழுப்புக்குத் தசை விடாது.

இந்தச் சோதனையை ஃபிலடெல்ஃபியாவில் எலும்பு மருத்துவர் ஜான் லாக்மனிடம் பயின்ற மருத்துவர் ஜோசப் டோர்க் 1976-ல் கட்டுரையாக வெளியிட்டார். 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறுந்த ஏசிஎல்லில் 100-க்கு 85-ஐ இது பிடித்தது. அறுபடாதவர்களில் 94 பேரைச் சரியாக 'இல்லை' என்றது.

முட்டியை 90 டிகிரி மடக்கி, பாதத்து மேல உட்கார்ந்து இழுக்கிற ஆன்டீரியர் டிராயர் மட்டும் போதாதா?
பிசியோ மாணவர், பெரம்பூர்

பழைய காயத்துக்கு நல்ல சோதனை. புதிய காயத்தில் ஏமாற்றும். வீங்கிய முட்டி 90 டிகிரிக்கு மடங்காது. மடங்கினாலும் அந்தக் கோணத்தில் பின்தொடைத் தசை நேராகப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். மெனிஸ்கஸின் பின்பகுதியும் முட்டுக்கொடுத்து நிறுத்திவிடும். செய்தால், இரண்டு ஆள்காட்டி விரலாலும் பின்தொடைத் தசைநாண்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துவிட்டே இழுங்கள்.

பிவட் ஷிஃப்ட் நெகட்டிவ்னு எழுதியிருக்காங்க. அப்போ ஏசிஎல் நல்லாத்தானே இருக்கு?
ஒரு வீரரின் அண்ணன், கொடுங்கையூர்

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. காலை உள்பக்கம் திருப்பி, வெளியிலிருந்து அழுத்தி, நீட்டிய நிலையிலிருந்து மடக்கும்போது 20 முதல் 40 டிகிரிக்குள் எலும்பு 'கடக்'கென்று திரும்ப உட்கார்ந்தால் அது பாசிட்டிவ். ஏசிஎல் போய்விட்டது என்று ஏறக்குறைய உறுதி. விழித்திருக்கும் நோயாளி பயத்தில் தசையை இறுக்கிவிடுவதால் நெகட்டிவாக வருவது மிகச் சாதாரணம். மயக்கம் கொடுத்த பிறகு செய்தால்தான் இது முழுதாகப் பேசும்.

எண்ணூர் ரோட்டுல பைக் ஸ்லிப்பாகி முட்டிக்குக் கீழ முன்னெலும்புல அடி. லாக்மன் பாசிட்டிவ், ஏசிஎல்னு ஒருத்தர் சொன்னார். இன்னொருத்தர் பிசிஎல்ங்கிறார். எது சரி?
திருவொற்றியூர்

மடங்கிய முட்டியில் முன்பக்கம் அடி என்றால் கீழ்க்கால் எலும்பு பின்னால் தள்ளப்பட்டிருக்கும். அது பின்னால் போகாமல் பிடித்துவைக்கும் லிகமென்ட்டான பிசிஎல்லைத்தான் முதலில் தேட வேண்டும். குழப்பம் வருவது இப்படி: பிசிஎல் அறுந்தால் எலும்பு ஏற்கெனவே பின்னால் சரிந்து கிடக்கும். அதை முன்னே இழுத்தால் வெறும் பழைய இடத்துக்குத்தான் வருகிறது, ஆனால் கைக்கு 'ஏசிஎல் தளர்வு' போலத் தெரியும்.

அதனால் இழுப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். இரண்டு முட்டியையும் 90 டிகிரி மடக்கி, பாதங்களை ஒன்றாக வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ஒரு முட்டியின் கீழ்ப்பகுதி குழிந்திருக்கும். விரல் வைத்தால், தொடை எலும்புக்கு முன்னால் சுமார் 1 சென்டிமீட்டர் நீட்டியிருக்க வேண்டிய கீழ்க்கால் எலும்பின் படி இல்லாமல் போயிருக்கும். அதே நிலையில் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, 'பாதத்தை மெதுவாக முன்னே நகர்த்துங்க' என்று சொல்லுங்கள். முன்தொடைத் தசை இறுகும்போது எலும்பு தானே முன்னே வந்தால் பிசிஎல் அறுந்திருக்கிறது.

கபடியில முட்டிக்கு வெளிப்பக்கம் ஒருத்தன் விழுந்தான். உள்பக்கம் வலி. எம்சிஎல்லுக்கு என்ன பண்ணுவாங்க?
புளியந்தோப்பு

எம்சிஎல் முட்டியின் உள்பக்க லிகமென்ட். கணுக்காலைப் பிடித்து முட்டியை உள்பக்கம் திறக்கும்படி அழுத்துவார்கள், 30 டிகிரியில் ஒருமுறை, முழுக்க நீட்டி ஒருமுறை. 30-ல் மட்டும் திறந்தால் எம்சிஎல் தனியாக. பெரும்பாலும் பிரேஸ் போட்டாலே ஆறிவிடும். நீட்டிய நிலையிலும் திறந்தால் காயம் எம்சிஎல்லோடு நிற்கவில்லை, குறுக்கு லிகமென்ட்களையும் (ஏசிஎல், பிசிஎல்) பார்த்தாக வேண்டும். வளரும் வயதுப் பையன் என்றால் அவசரப்பட்டு அழுத்தாமல் எக்ஸ்ரே எடுங்கள். லிகமென்ட்டுக்குப் பதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு பிளந்திருக்கலாம்.

ஸ்கேன் எடுத்துட்டா போதுமே, இதெல்லாம் எதுக்கு?
ராயபுரம்

எம்ஆர்ஐ கிழிசலைக் காட்டும். முட்டி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைக் கைதான் சொல்லும். 'பகுதி கிழிசல்' என்று ரிப்போர்ட் வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு முட்டி உறுதியாக நிற்கும், இன்னொருவருக்கு நழுவும். ஆபரேஷன் வேண்டுமா என்ற முடிவு அதில்தான் இருக்கிறது.

மாமாவுக்கு முட்டி விலகி தானா உட்கார்ந்துடுச்சு. இப்போ பாதத்தைத் தூக்க முடியலை. காலைல பார்த்துக்கலாமா?
காசிமேடு

இப்போதே கிளம்புங்கள். 108-ஐ அழைத்து, பக்கத்திலிருக்கும் ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பாதம் தூக்க முடியாதது முட்டிக்கு வெளிப்பக்கம் ஓடும் பெரோனியல் நரம்பு அடிபட்டதன் அடையாளம். அதைவிட அவசரம், முட்டிக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். நாடி கைக்குத் தெரிந்தாலும் உள்சுவர் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த ரத்த அழுத்தத்தால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் உடனே ரத்தக்குழாயை ஸ்கேன் செய்வார்கள். ரத்தம் போகாத காலைக் காப்பாற்ற ஏறக்குறைய 6 முதல் 8 மணி நேரம்தான் இருக்கிறது. 'முட்டி விலகி உட்கார்ந்தது' என்பதை நுழைந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.