கலம் செய் கோவே: சாவு, சாமி, முல்லைப் பூ பற்றிய கேள்விகளுக்குப் பதில்

ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீடு. புறநானூற்றில் சாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன். சாமி, பேய், நாய், கீரை வரைக்கும் கேட்டுவிட்டார்கள். முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், என் மகள் பள்ளி விழாவில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' பாடினாள். அது சாவைப் பற்றிய பாட்டு என்று நீங்கள் சொன்னதாக என் தம்பி சொல்கிறான். நிஜமா?

பாதி நிஜம். முதல் வரியை எல்லாரும் வாசல் வளைவில் எழுதி வைக்கிறோம். நாலாவது வரிக்குப் போகிறவர்கள் குறைவு. 'சாதலும் புதுவது அன்றே' என்கிறார் கணியன் பூங்குன்றனார். வாழ்க்கை இனிது என்று துள்ளவும் மாட்டோம், வெறுப்பு வந்தால் கசந்துகொள்ளவும் மாட்டோம் என்று தொடர்கிறார். மின்னலோடு மழை பெய்து, கல்லில் மோதி இரைந்து ஓடும் ஆற்றில் நீரின் போக்கில் போகும் தெப்பம்தான் உயிர். அதைப் புரிந்துகொண்டதால்தான் பெரியவரைப் பார்த்து வாய்பிளக்க மாட்டோம், சிறியவரை இகழ்வதை அதைவிடவும் செய்ய மாட்டோம் என்று முடிக்கிறார். முதல் வரியில் இருக்கும் பெருந்தன்மை இந்தத் தெப்பத்திலிருந்து வந்தது. மகள் அடுத்த வருடம் பாடினால் பதின்மூன்று வரியையும் பாடச் சொல்லுங்கள்.

ஆதிச்சநல்லூர் தாழிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே தாழிக்குள் இரண்டு பேரைப் புதைக்கும் பாட்டு ஒன்று உண்டாமே?

உண்டு. எனக்குப் பிடித்த பாட்டு அதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆதிச்சநல்லூர் மேட்டை எங்கள் பக்கம் பரம்பு என்போம். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ, பின்னால் 2004இல் தொல்லியல் துறை. இப்போது கண்ணாடித் தளத்தின் மேல் நின்று குழிக்குள் இருக்கும் தாழிகளைப் பார்க்கலாம். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன காலத்தில் அதெல்லாம் கிடையாது. வெறும் செம்மண், ஓட்டுச் சில்லு, வெயில்.

அங்கே நின்றுதான் புறநானூறு 256ஆம் பாட்டைச் சொல்லிக் கொடுப்பேன். கணவன் இறந்துவிட்டான். மனைவி குயவரிடம் போகிறாள். 'கலம் செய் கோவே, கலம் செய் கோவே' என்று இரண்டு முறை கூப்பிடுகிறாள். அவருக்குத் தாழி வனைகிறாயே, எனக்கும் இரக்கப்பட்டு அதை அகலமாக வனை என்கிறாள். ஏன்? வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சின்ன வெண்பல்லி போல அவரோடு எத்தனையோ பாலைவழிகளைக் கடந்து வந்தவள் நான்.

அந்தப் பல்லியைக் கொஞ்சம் பாருங்கள். சக்கரம் சுற்றினால் பல்லியும் சுற்ற வேண்டும். வண்டி எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. இறங்கவும் முடியாது. அன்பு, கற்பு, சொர்க்கம் எதையும் அவள் பேசவில்லை. அளவு மட்டும் சொல்கிறாள், தையற்காரரிடம் சொல்வது போல. நடுவில் அந்தப் பல்லி. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. பெண்ணாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும், நிரூபிக்க வழியில்லை.

இதே குயவரை இன்னொருவரும் கூப்பிடுகிறார். 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் புகழுக்குத் தக்க தாழி செய்ய வேண்டுமென்றால் பூமியைச் சக்கரமாகவும் மலையை மண்ணாகவும் வைத்து வனைய வேண்டும், உன்னால் ஆகுமா என்று கேட்கிறார். நல்ல பாட்டுத்தான். ஆனால் ராஜாவுக்கு மலை கேட்பது சுலபம்.

அப்படியானால் அது உடன்கட்டை ஏறுவதைப் புகழும் பாட்டு தானே? இதைப் போய் ரசிக்கிறீர்களே.

கோபம் நியாயமானது. 256இல் அவள் சாகப்போகிறாள் என்று நேராகச் சொல்லவில்லை. என்றைக்காவது எனக்கும் அதே தாழி என்று கேட்பதாகவும் படிக்கலாம். ஆனால் 246ஆம் பாட்டில் சந்தேகமே இல்லை. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு சிதைக்கு முன்னால் நின்று பேசுகிறாள். ஊர்ப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். தடுப்பவர்களைத்தான் அவள் 'பொல்லாச் சூழ்ச்சிப் பல்சான்றீரே' என்று வைகிறாள்.

ஏன் சாகிறேன் என்பதற்கு அவள் சொல்லும் காரணத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு இருக்கிறது. கையால் பிழிந்து எடுத்த சோற்று உருண்டை, நெய் படக்கூடாது. எள்ளுத் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. படுக்கப் பாய் கிடையாது, பருக்கைக் கல் மேல் படுக்கை. கைம்பெண்ணுக்கு ஊர் வைத்திருந்த வாழ்க்கை இது. இதைச் சொல்லிவிட்டு, எனக்குத் தாமரைக் குளமும் தீயும் ஒன்றுதான் என்கிறாள். தீயை யாராவது இதில் புகழ்கிறார்களா? அந்தக் கீரையைப் பற்றிய புகார் அது. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி அறுபது வருடம் ஒருவேளைச் சோறும் வெள்ளைச் சேலையுமாக இருந்தார். இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அவர் முகம் வந்து நிற்கும்.

சங்க காலத்து ஆட்கள் மறுபிறவியை நம்பினார்களா? எனக்குத் தெளிவான பதில் வேண்டும்.

தெளிவான பதில் அவர்களிடமே இல்லையே தம்பி. கோப்பெருஞ்சோழன் 214ஆம் பாட்டில் சொல்வதைக் கேளுங்கள். யானை வேட்டைக்குப் போனவனுக்கு யானையும் கிடைக்கும். காடை பிடிக்கப் போனவன் வெறுங்கையோடும் திரும்புவான். அதனால் பெரிதாக ஆசைப்படு. நல்லது செய்தால் மேலுலகம் கிடைக்கலாம், அது இல்லையென்றாலும் மறுபிறவி இல்லாமல் போகலாம். சரி, மறுபிறவியே கிடையாது என்றால்? அப்போதும் இமயத்துச் சிகரம் போலப் புகழை நட்டுவிட்டு, பழியில்லாத உடம்போடு போவது நல்லதுதானே. இப்படி 'லாம்', 'லாம்' என்று பேசுகிறவர் யார்? பட்டினி கிடந்து சாவதற்கு வடக்கு நோக்கி உட்கார்ந்த ராஜா. அந்த இடத்திலும் எல்லாம் தெரிந்தவர் போல அவர் பேசவில்லை.

வடக்கிருத்தலும் தற்கொலையும் ஒன்றா?

வழக்கறிஞர்களே சண்டை போட்ட விஷயம். உணவைக் கைவிட்டு உயிர்விடும் சமணர்களின் சல்லேகனையை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015இல் தற்கொலைக்குச் சமம் என்றது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் ஒரு கல்வெட்டு உண்டு. சந்திரநந்தி ஆசிரிகர் ஐம்பத்தேழு நாள் உணவு நீத்து உயிர்விட்ட இடம் என்கிறது. 57 நாள் என்பது ஒரு நொடி ஆத்திரத்தில் எடுத்த முடிவாக இருக்க முடியாது என்பது துறவியரின் வாதம்.

ஆனால் கோப்பெருஞ்சோழன் துறவி இல்லை. பெற்ற பிள்ளைகளே படை திரட்டி வந்தார்கள், அந்த மனவேதனையில் உட்கார்ந்தவர். அவரைத் தேடி, அதுவரை நேரில் பார்த்திராத நண்பர் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து தானும் உயிர்விட்டார். பாடமாக நடத்தும்போது நட்பின் சிகரம் என்போம். எனக்கு அந்த இடத்தில் எப்போதும் நெருடல்தான். வந்தவர் ராஜாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

எங்கள் குலதெய்வம் ஒரு பலகைக் கல். கையில் வில்லோடு ஆள் உருவம். நடுகல்லாக இருக்குமா?

இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாட்டு மந்தையை மீட்கப் போய் செத்தவனுக்குக் கல் நடுவது பழைய வழக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த கல்லில் தமிழ் பிராமி எழுத்தில் 'ஆகோள்' என்ற சொல்லே இருக்கிறது. அடுத்தவர் மாட்டு மந்தையைக் கவரும் சண்டை என்று அர்த்தம். மாங்குடி கிழார் ஒரு பாட்டில், கல்லைக் கும்பிடுவோமே தவிர நெல் தூவிக் கும்பிடும் வேறு கடவுள் எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். செத்தவர் சாமியாவது எங்கிருந்தோ இறக்குமதியான நம்பிக்கை இல்லை. கல்லுக்கு எண்ணெய் பூசிப் பூசி எழுத்து மறைந்திருக்கும். தேங்காய் உடைப்பதை வேறு கல்லில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கு நடுகல் உண்டு என்கிறார்கள், உண்மையா?

உண்மை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர், மகேந்திரவர்ம பல்லவன் காலம். வீரன் விழுந்துவிட்டான். அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்து, அவனைக் காத்து நின்றது. வீரனுக்குப் பக்கத்திலேயே நாயையும் செதுக்கி, பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். பல்லவர் காலத்தில் எத்தனையோ மனிதருக்கு இந்த யோகம் வாய்க்கவில்லை.

சாமியைத் திட்டலாமா டீச்சர்? அப்பா போன அன்று நான் கண்டபடி திட்டிவிட்டேன். அதே நேரம் எதிர்வீட்டில் கல்யாண மேளம்.

கண்ணு, உனக்கு முன்னாலேயே ஒருவர் திட்டிவிட்டார். புறநானூறு 194, பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி கண் நீர் வடிக்கிறாள். இப்படிப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்கிறார். சபையில் சொல்லக்கூடிய சொல்லாக அவர் பொறுக்கி எடுத்தது இது. நீ சொன்னது என்னவோ, நான் கேட்கவில்லை. இந்த உலகம் கொடியதுதான், அதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியவற்றைக் காணுங்கள் என்று முடிக்கிறார். அது உனக்கு இப்போது வேண்டாம். முதல் பாதியை மட்டும் வைத்துக்கொள்.

இயற்கையிடம் போனால் துக்கம் ஆறும் என்கிறார்களே, நம் இலக்கியம் அப்படிச் சொல்கிறதா?

சில இடங்களில் நேர் எதிர். ஒல்லையூர்ச் சாத்தன் இறந்த பிறகு முல்லை பூத்துவிட்டது. புலவர் குடவாயிற் கீரத்தனார் அந்தக் கொடியிடம் சண்டைக்குப் போகிறார். இளைஞர் சூடமாட்டார்கள், வளையல் போட்ட பெண்கள் பறிக்கமாட்டார்கள், பாணனும் பாடினியும் அணியமாட்டார்கள். 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?' அந்த 'உம்'மைக் கவனியுங்கள். நீயுமா?

எங்கள் அத்தை இப்படித்தான். மாமாவைக் கொண்டுபோன மறுநாள் காலை வாசல் தெளிக்க வந்தவர், மல்லிகைச் செடி முழுக்கப் பூத்துக் கிடப்பதைப் பார்த்து, "உனக்கு என்னடி கொழுப்பு" என்றார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்புறம் பதினாறாம் நாள் கழித்து அந்தச் செடிக்கு அவரேதான் தண்ணீர் ஊற்றினார்.

எனக்கு 78 வயது. எல்லாப் பாட்டும் செத்தவரைப் பற்றியே இருக்கிறது. சாகக் காத்திருக்கிறவனுக்கு ஒன்றும் இல்லையா அம்மா?

ஐயா, உங்களுக்கு 243ஆம் பாட்டு. ஒரு கிழவர் பேசுகிறார். சின்ன வயதில் ஆற்றங்கரை மருத மரத்தில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, ஆழமான மடுவில் துடும் என்று குதித்து, அடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டிய இளமை எங்கே போயிற்று என்கிறார். இப்போது பூண் போட்ட தடியை ஊன்றி நடுங்கி நிற்கிறார். இருமலுக்கு நடுவே சில சொல் மட்டும்தான் வருகிறது. அவருடைய சொந்தப் பெயர் தொலைந்துபோய், அந்தத் தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று ஆகிவிட்டது.

அந்த மணலைத்தான் நான் பெரிதாக நினைப்பேன். ஆழம் வரைக்கும் போனேன் என்பதற்குச் சாட்சி வேண்டாமா? தாமிரபரணியில் எங்கள் அண்ணன்மார் இதையேதான் செய்தார்கள், கை நிறைய மணலோடு பல்லைக் காட்டிக்கொண்டு வருவார்கள். நீங்கள் எந்த ஆற்றில் குதித்தீர்கள், கரையில் என்ன மரம் இருந்தது என்று எழுதுங்கள் ஐயா.