சுவிஸ் மடக்குக் கத்திகளைச் சேகரிக்கத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்? சேகரித்தவற்றைப் பயன்படுத்தலாமா?

முதலில் கத்தியின் வயதைக் கணிக்கப் பழகுங்கள். விக்டோரினாக்ஸ் கத்தி நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் எல்செனர் 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்திகளை வழங்கத் தொடங்கினார். புட்டியின் கார்க் மூடியை எடுக்கும் திருகியும் கொண்ட, அதிகாரிகளுக்கான கத்தி 1897-இல் பதிவு பெற்றது. இன்று பரவலாகக் கிடைக்கும் 91 மில்லிமீட்டர் சிவப்புக் கத்திகள் அந்த வழியில் வந்தவையே. ஆனால், தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு நான் பரிந்துரைப்பது 1961 முதல் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட, அலுமினியப் பிடி கொண்ட 93 மில்லிமீட்டர் கத்தியைத்தான்; ஏனெனில், அதன் அலகின் அடிப்பகுதியில் தயாரிப்பு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருப்பதால், விற்பவரின் சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை. விக்டோரினாக்ஸ் நிறுவனம் 2005-இல் தன் போட்டியாளரான வெங்கரை வாங்கி, சில ஆண்டுகளில் அப்பெயரில் கத்தி விற்பதை நிறுத்திவிட்டதால், வெங்கர் கத்திகளுக்கும் தனி ஈர்ப்பு உண்டு.

அலகு பலமுறை தீட்டப்பட்டுக் குறுகியிருந்தால் சேகரிப்பு மதிப்பு குறையும். பயன்பாட்டுக்கு அது பெரிய குறையல்ல. எனவே அரிதானவற்றைப் பெட்டியில் வைத்துவிட்டு, சாதாரணமான ஒன்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அதன் எஃகு மிகக் கடினமானதல்ல என்பதால் விரைவில் மழுங்கினாலும் எளிதில் தீட்டிவிடலாம். பெரும்பாலான சிறிய வகைகளில் அலகுக்குப் பூட்டு இல்லை. ஆகவே நுனியால் அழுத்திக் குத்தும் வேலையைத் தவிர்ப்பது நல்லது, விரல்மீதே மடங்கிவிடும். முறுக்கும் வேலை மிகுந்தவர்களுக்கு இடுக்கியை மையமாகக் கொண்ட, மல்டிடூல் எனப்படும் பல்கருவியே பொருத்தமானது. அழுக்கேறினால் வெந்நீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தி, கீல்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.