ரிசப்ஷன் சாப்பாடு: சமையல் கான்ட்ராக்டரிடம் கேளுங்க

மதுரைப் பக்கம் கல்யாண சமையல் எடுத்துச் செய்றேன். ரிசப்ஷன் பந்தி, ஜூஸ், கச்சேரி பத்தி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

மேலூர்: அண்ணே, 600 பத்திரிகை அடிச்சிருக்கோம். எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்றது?

பத்திரிகையை எண்ணாதீங்க தம்பி. குடும்பத்தோட வர்றவங்க, ஆபீஸ்ல இருந்து ஒத்தையா வர்றவங்க, மொய் எழுதிட்டுக் கிளம்புறவங்கன்னு மூணாப் பிரிச்சு எழுதுங்க. அதைவிட முக்கியம் நேரக் கணக்கு. ஆறரைக்கு ரிசப்ஷன்னு போட்டாலும் கூட்டம் ஏழரைக்கும் ஒம்பதுக்கும் நடுவுலதான் வந்து விழும். சாப்பாட்டு ஹால்ல 200 நாற்காலி இருக்குன்னு வைங்க. ஒரு பந்தி உக்காந்து எந்திரிச்சு, மேஜை துடைச்சு, அடுத்த இலை விழ 40 நிமிஷம். 800 பேர்னா நாலு பந்தி. ஏழு மணிக்கு முதல் பந்தி போட்டாத்தான் ஒம்பதே முக்காலுக்குள்ள முடியும். வயசானவங்களையும் குழந்தைங்களையும் ஏழுக்கே கூட்டிட்டு வந்து உக்கார வைக்க வீட்டாள் ரெண்டு பேர் வேணும்.

மண்டபம் பார்க்கப் போனா எல்லாரும் மேடையைத்தான் பார்க்குறாங்க. நீங்க நாற்காலியையும் கை கழுவுற குழாயையும் எண்ணிட்டு வாங்க.

பேசுறப்பவே குறைஞ்சபட்ச இலை எத்தனைன்னு எழுதி வாங்குங்க. 800-ன்னு சொல்லி 650 பேர் வந்தாலும் 800-க்குத்தான் பணம் கேட்பாங்க. இலைக்கட்டு எத்தனை வந்துச்சு, எத்தனை மிச்சம், கிழிஞ்சது எத்தனைன்னு குறிக்க உங்க ஆள் ஒருத்தர் அங்கேயே நிக்கட்டும்.

திருப்பூர்: 32 ஐட்டம் மெனு கொடுத்திருக்காங்க. போதுமா?

பாதிக்கும் கீழே கொண்டு வாங்க. ஐட்டத்தைக் குறைங்க, பரிமாற ஆளைக் கூட்டுங்க. இதை எத்தனை தடவை வேணாலும் சொல்வேன். இலையில இடியாப்பம் விழுந்துடும், தேங்காய்ப்பால் வாளி மூணு வரிசை தள்ளி நிக்கும். சாப்பிட உக்காந்தவர் இலை ஓரத்துல கையை வச்சுக்கிட்டு வாளி வர்ற திசையையே பார்த்துக்கிட்டு இருப்பார். பால் வந்து சேர்றப்ப இடியாப்பம் காஞ்சு போயிருக்கும். உங்க 32 ஐட்டத்துல பாதி இப்படித்தான் வீணாகும். 14 ஐட்டம், 15 இலைக்கு ஒரு சர்வீஸ் ஆள்னு வைங்க, எல்லாம் சூடா இலைக்கு வரும்.

தஞ்சாவூர்: பந்தியா, பஃபேயா?

பந்தி.

கோயம்புத்தூர்: அப்படி ஒரே வார்த்தையில சொல்லாதீங்க மாஸ்டர். பஃபேல அவங்கவங்க வேணுங்கிறதை எடுத்துக்குவாங்க. வீணாகுறது குறையுமே?

இலையில வீணாகுறதுக்குக் காரணம் பந்தி இல்ல. ஆள் உக்கார்றதுக்கு முன்னாடியே இலை முழுக்க அடுக்கி வைக்கிற பழக்கம்தான் காரணம். உக்காந்த பிறகு கேட்டு வைக்கச் சொல்லுங்க, குப்பைத் தொட்டி பாதியாகும். பஃபேல திரும்ப வரிசையில நிக்கணுமேன்னு பயந்து முதல் தடவையே தட்டை ரொப்பிக்கிறாங்க. அதோட கடைசி ஆள் வர்ற வரைக்கும் எல்லா டிரேயும் நிறைஞ்சே இருக்கணும். அதுல மிஞ்சுறதை யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல.

நாகர்கோவில்: மாஸ்டர் சொல்றதுதான் சரி. மூட்டு வலியோட எங்கம்மா தட்டை ஏந்திக்கிட்டு நிக்கணுமா?

கோயம்புத்தூர்: அம்மாவுக்கு நாலு மேஜை தனியாப் போடலாமே! பந்தியில நாற்காலிக்குப் பின்னாடி ஆள் நின்னுக்கிட்டு, நம்ம எப்ப எந்திரிப்போம்னு பார்க்கிறது மட்டும் மரியாதையா?

இது நியாயமான கேள்வி. பின்னாடி ஒருத்தர் நின்னா உள்ளே சோறு இறங்காது. அதனாலதான் ஹால் வாசல்ல கயிறு கட்டி, வெளியே நாற்காலி போட்டு, பந்தி முழுசா எந்திரிச்ச பிறகு உள்ளே விடச் சொல்றேன். ஹால்ல 100 நாற்காலிதான், ஆள் 800-ன்னா பஃபேயே வைங்க, நானே வச்சுத் தர்றேன். ஆனா மேஜைக்கு ரெண்டு பக்கமும் ஆள் எடுக்கிற மாதிரி இருக்கணும், உக்கார இடமும் வேணும். ஹால் பெரிசா இருந்தும் பஃபேன்னா எனக்கு உடன்பாடு இல்ல. நம்ம வீட்டுக்கு வந்தவங்களை உக்கார வச்சு, "இன்னும் கொஞ்சம் வைக்கவா"ன்னு கேக்கணும்.

மானாமதுரை: வெல்கம் ட்ரிங்க் என்ன வைக்கலாம்?

நன்னாரி சர்பத், பானகம், மோர். வசதி இருந்தா ஜிகர்தண்டா. பாதாம் பிசினை முந்தின ராத்திரியே ஊற வச்சிடணும். எதை வச்சாலும் ஐஸ் எங்கேயிருந்து வருதுன்னு கேளுங்க. மீனுக்குப் போடுற ஐஸ் கட்டியை உடைச்சு ஜூஸ்ல போட்டுடுறாங்க. சாப்பிட ஆகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கணும்னு 2018-லேயே விதி வந்தாச்சு, ஆனா நிறத்தை மட்டும் நம்பாதீங்க. குடிநீர்ல செஞ்ச ஐஸ்னு பில் கேளுங்க. கல்யாணத்துக்கு வந்த குழந்தைக்கு வயித்துப்போக்குன்னா அந்த வீட்டுக்கே மனசு தாங்காது.

விருதுநகர்: புகை வர்ற பிஸ்கட் ஸ்டால், பஞ்சு மிட்டாய்?

புகை பிஸ்கட் வேண்டவே வேண்டாம். அந்தப் புகை திரவ நைட்ரஜன்ல இருந்து வர்றது. அது மைனஸ் 196 டிகிரி, குழந்தை வாயில போட்டா உள்ளே வெந்து போகும். 2024-ல உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரிச்சது. ரோடமின் பி சாயம் கலந்ததால பஞ்சு மிட்டாய்க்கும் அதே வருஷம் தமிழ்நாட்டுல தடை வந்துச்சு. குழந்தைங்களுக்குப் பால்பன், சூடா குழிப்பணியாரம் போடுங்க.

திண்டுக்கல்: இலைக்கு எவ்வளவு ஆகும்?

ஊர், மாசம், மெனு தெரியாம ரேட் சொல்ல முடியாது.

சிவகங்கை: மிச்சத்தை ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுங்க, ஆனா முன்கூட்டியே பேசி வைங்க. கை படாத அண்டாச் சோறு, சூடு ஆறுறதுக்குள்ள, ராத்திரியே போய்ச் சேரணும். வெந்த சோத்துலயும் பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட வித்து சாகாம இருக்கும். வெதுவெதுப்புல கிடந்தா அது பெருகி நஞ்சைக் கக்கும், காலையில திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. தேங்காய்ச் சட்னி, தயிர்ப்பச்சடி, பாயசம் கொடுக்கவே கூடாது.

தேனி: மண்டபத்துல பாட்டுப் போட லைசென்ஸ் பணம் கேக்குறாங்க. கச்சேரியும் வச்சிருக்கோம்.

1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தோட 52ஆம் பிரிவு கல்யாணத்துக்கும் அதைச் சேர்ந்த கொண்டாட்டத்துக்கும் விலக்கு கொடுக்குது. மத்திய அரசு 2023 ஜூலையில அதைத் திரும்பவும் அறிவிச்சது. அதை எடுத்துக் காட்டுங்க. திறந்தவெளி ஸ்பீக்கரைப் பத்து மணிக்கு நிறுத்திடணும். பெட்டியைச் சாப்பாட்டு ஹால் பக்கம் திருப்பாதீங்க. "ரசம் போதும்"னு சொல்றது பரிமாறுற பையனுக்குக் கேக்காது, இலை முழுக்க ஊத்திடுவான்.

ராமநாதபுரம்: ஒரு இலைக்கு தோராயமா எவ்வளவு?

திண்டுக்கல்காரருக்குச் சொன்னதுதான்.

பரமக்குடி: மேஜைக்குப் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாமா?

2019 ஜனவரியில இருந்து தடை. பேப்பர் ரோல் வாங்குங்க.

சென்னை: டிரிங்க்ஸ் ஏற்பாடு?

அது என் தொழில் இல்ல. மண்டப ஒப்பந்தத்தைப் படிங்க, மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையைக் கேளுங்க.

உசிலம்பட்டி: மெனுவுல 25 ஐட்டம்...

ஐட்டத்தைக் குறைங்க, ஆளைக் கூட்டுங்க. மேலே படிங்க தம்பி.

காரைக்குடி: பொண்ணு மாப்பிள்ளை எப்ப சாப்பிடுறது?

எல்லாருமே மறக்கிற விஷயத்தைக் கேட்டீங்க தாயி. போட்டோ முடிஞ்சு பதினொரு மணிக்கு அவங்க வர்றப்ப அண்டா கழுவியிருக்கும். ஆறரைக்கு மேடை ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி கொடுத்திடுங்க. நாதஸ்வரம், தவில், கச்சேரிக்காரங்க, போட்டோக்காரங்க, வண்டி ஓட்டி வந்தவங்க, மண்டபம் கூட்டுறவங்க எல்லாரையும் எழுதி மதியமே என்கிட்ட கொடுங்க. 40 பேர் வரைக்கும் வரும். பொண்ணு மாப்பிள்ளையோட சேர்த்து அவங்களுக்குக் கடைசிப் பந்தி தனியா வைக்கிறேன், புது எண்ணெய்யில அப்பளம் பொரிச்சு.